காந்தக் கூண்டும் முறுக்கேறிய நூலும்

1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெனீவாவில், அணுசக்தியை ஆக்க வழியில் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. சபை ஒரு பெரிய மாநாடு நடத்தியது. தலைமை தாங்கியவர் நம் ஹோமி பாபா. தலைமையுரையில் அவர் துணிந்து ஓர் ஆரூடம் சொன்னார். சூரியனுக்குள் நடப்பதுபோல இலேசான அணுக்களை ஒன்று சேர்த்து ஆற்றல் எடுக்கும் வழி இன்னும் இருபது ஆண்டுகளுக்குள் கைவந்துவிடும், அதற்கு வேண்டிய எரிபொருள் கடல் நீரிலேயே இருப்பதால் உலகத்துக்கு எரிபொருள் கவலை தீர்ந்துவிடும் என்பது அதன் சாரம்.

அந்த இருபது ஆண்டு 1975இல் முடிந்தது. அதற்கு மேல் இன்னொரு ஐம்பது ஆண்டும் போய்விட்டது. உடுமலையில் எங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் காற்றாலையின் பங்கு உண்டு, அணைக்கட்டின் பங்கு உண்டு, நிலக்கரி உண்டு, கூடங்குளமும் உண்டு. பாபா சொன்ன வழியில் வந்த ஒரு யூனிட்கூட இன்றுவரை உலகில் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பாபா விவரம் தெரியாமல் பேசுகிறவர் அல்லர். பிறகு எங்கே தடை வந்தது? கொதிக்கும் அந்தக் குழம்பைச் சூடாக்குவதும் கஷ்டம்தான். ஆனால் பெரிய தடையாக வந்தது, அதில் ஏற்படும் மிகச் சிறிய சலனங்கள். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் பேத்தி. கோவையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடிக்கப் போகிறாள். மேற்கொண்டு குஜராத்தில் காந்திநகருக்குப் போய், காந்தப் புலத்தில் அடைத்த பிளாஸ்மா எப்படி நிலையாக இருக்கும் என்பதில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளை இங்கே ஒரு ஸ்பின்னிங் மில்லில் நூலின் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். அவர் என்னிடம் வந்து, "ஏனுங்க மாமா, எழுவது வருசமா ஆகாத காரியத்துக்கு இந்தப் புள்ளைய அத்தன தொலைவு அனுப்பறதுங்களா? நீங்கதான் நாலும் படிக்கறீங்க. இது ஆகற காரியமான்னு சொல்லுங்க" என்றார். அஞ்சாறு வருடப் படிப்பு, நல்ல வேலைக்குப் போகும் வயது, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன. தெரியாது என்று தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. நாலைந்து மாதம் உட்கார்ந்து படித்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். படித்தது பிரெஞ்சு வழியில். மனைவியின் ஊர் உடுமலை என்பதால் ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஒரு மரக் கூம்பை வகுப்புக்குக் கொண்டு வருவார். அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்துத் தட்டுவார். ஆடிவிட்டு மறுபடி பழையபடி நிற்கும். எகிலீப்ர் ஸ்தாப்ல் என்பார். முனை கீழே இருக்கும்படி விரலால் பிடித்து நிறுத்திக் கையை எடுப்பார். விழுந்துவிடும். எகிலீப்ர் ஆன்ஸ்தாப்ல். பக்கவாட்டில் படுக்க வைத்து உருட்டுவார். உருட்டின இடத்தில் நிற்கும். அது மூன்றாவது வகை. மூன்று நிலையிலும் கூம்பின் மேல் செயல்படும் விசைகள் சமமாகத்தான் இருக்கின்றன. கணக்குப்படி முனையில் நிற்கும் கூம்பும் நிற்க வேண்டியதுதான். யாராவது தும்மினால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம். நிலைத்தன்மை என்ற சொல்லுக்கு விஞ்ஞானத்தில் உள்ள பொருள் இதுதான்: சிறிதாக அசைத்தால் திரும்பி வருகிறதா, விலகிப் போய்விடுகிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பொருளையும் மிகமிகச் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து போகும். மின்சாரம் பாயக்கூடிய ஒரு குழம்பு மிஞ்சும். அதுதான் பிளாஸ்மா. மின்னல், வெல்டிங் பொறி, டியூப்லைட்டின் உள்ளே இருக்கும் ஒளி எல்லாம் இந்த இனம். சூரியனின் நடுப்பகுதியில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே சூரியனின் எடையே எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பூமியில் நமக்கு அந்த எடை கிடையாது. அதனால் இன்னும் அதிகமாக, சுமார் 15 கோடி டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சூட்டை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? சுவரில் பட்டால் சுவர் கெடும், அதற்கு முன்பே பிளாஸ்மா ஆறிப்போகும். காந்தப் புலத்தைத்தான் சுவராக்க வேண்டும்.

முதலில் தோன்றிய வழி மிக எளிமையானது. மின்சாரம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும். அந்தப் புலம் மின்சாரம் பாயும் பொருளை உள்நோக்கி அழுத்தும். 1905இல் ஆஸ்திரேலியாவில் ஒரு தொழிற்சாலையின் இடிதாங்கிக் குழாய் மின்னல் பாய்ந்து நசுங்கிப் போனதை ஆராய்ந்தவர்கள், காரணம் இந்த அழுத்தம்தான் என்று சொன்னார்கள். அப்படியானால் பிளாஸ்மாவுக்குள் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளுமே! 1950 வாக்கில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இதையே செய்து பார்த்தார்கள். விசைகளெல்லாம் கணக்குப்படி சமம். ஆனால் பிளாஸ்மா ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குகூட ஒழுங்காக நிற்கவில்லை.

காரணத்தை 1954இல் அமெரிக்காவில் குருஸ்கல், ஷ்வார்ஸ்ஷில்ட் ஆகியோர் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். அந்தப் பிளாஸ்மாத் தண்டு ஓரிடத்தில் மயிரிழை வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் உட்பக்கம் காந்தக் கோடுகள் நெருக்கமாகும், வெளிப்பக்கம் கலையும். நெருங்கிய பக்கத்தில் அழுத்தம் அதிகம். ஆகவே தண்டு இன்னும் வெளியே தள்ளப்படும், வளைவு இன்னும் கூடும். இன்னொரு விதமாகவும் கெடும். ஓரிடத்தில் தண்டு சிறிது மெலிந்தால் அங்கே புலம் வலுக்கிறது. வலுத்தால் இன்னும் மெலிகிறது. கடைசியில் கோத்த மணிபோலத் துண்டு துண்டாகிவிடுகிறது.

கணக்குப் பிள்ளையாக இருந்தவனுக்கு இது வட்டிக்கணக்காகத்தான் தெரிகிறது. அசைவு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத் தக்கபடி வளர்ச்சி. அப்படியே கூட்டு வட்டி. ஒரு மில்லிமீட்டர் அசைவு பத்து முறை இரட்டிப்பானால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு இரட்டிப்புக்கு ஒரு மைக்ரோ நொடி என்றால் பத்து மைக்ரோ நொடியில் கதை முடிந்தது. மீட்டர் வட்டி வாங்கினவர்களுக்குப் புரியும். ஆரம்பத்தில் கடன் எவ்வளவு சிறியது என்பது பிறகு கணக்கிலேயே வராது.

இதில் ஒரு பெரிய அவமானமும் நடந்தது. 1958 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் ஸீட்டா என்ற இயந்திரத்தில் அணுச் சேர்க்கை நடந்துவிட்டது என்று பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. நியூட்ரான்கள் வந்ததை ஆதாரமாகக் காட்டினார்கள். சில மாதங்களில் உண்மை தெரிந்தது. பிளாஸ்மாவின் அசைவுகள் கொஞ்சம் அணுக்கருக்களை மட்டும் வேகமாக உந்தித் தள்ளியதால் வந்த நியூட்ரான்கள் அவை. முழுக் குழம்பும் சூடேறி வந்தவை அல்ல. எந்தச் சலனம் கெடுத்ததோ, அதே சலனமே வெற்றி போலவும் வேடம் போட்டிருக்கிறது.

இந்தக் காலத்தில்தான் நம்மவர் ஒருவர் வருகிறார். சுப்பிரமணியன் சந்திரசேகர். சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் கேம்பிரிட்ஜ் போய், பிறகு சிகாகோவில் பேராசிரியராக இருந்தவர். 1983இல் நோபல் பரிசு. நட்சத்திரங்கள் பற்றிய கணக்குக்காகவே எல்லாரும் அவரை அறிவார்கள். ஆனால் 1950களில் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி நிலைத்தன்மை என்ற ஒரே கேள்வியில் போயிற்று. 1958இல் காஃப்மன், வாட்சன் ஆகியோருடன் சேர்ந்து, மேலே சொன்ன தன்னைத் தானே இறுக்கும் பிளாஸ்மா எப்போது நிலைக்கும், எப்போது கெடும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1961இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட அவருடைய தடித்த நூல் திரவங்களின் நிலைத்தன்மை பற்றியும், காந்தப் புலத்தில் உள்ள திரவங்களின் நிலைத்தன்மை பற்றியும் பேசுவது. சட்டியில் எண்ணெய் காயும்போது ஒரு கட்டத்துக்கு மேல் தானாகச் சுழல ஆரம்பிக்கிறதே, அது எந்தக் கட்டம் என்பதிலிருந்து தொடங்குகிறது. பேத்தியின் மேசையில் அந்தப் புத்தகத்தின் மறுபதிப்பு இருக்கிறது. எனக்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு மட்டும்தான் தெரிகிறது. ஆனால் முறை என்ன என்பது புரிகிறது. அமைதியாக இருக்கும் ஒன்றில் சிறு அலை ஒன்றைக் கற்பனையாகப் போட வேண்டும். நீள அலை, குட்டை அலை என்று ஒவ்வொன்றாகப் போட்டு, அது தேய்கிறதா வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாமே தேய்ந்தால்தான் நிலையானது என்று கையெழுத்துப் போடலாம். ஒன்றே ஒன்று வளர்ந்தாலும் போயிற்று. ஆடிட்டில் ஆயிரம் வவுச்சர் சரியாக இருந்து ஒன்று இடறினால் ஆட்சேபணை எழுதுவார்களே, அதே மாதிரி.

அவருடைய இன்னொரு முடிவு எனக்கு வியப்பாக இருந்தது. காந்தப் புலம் பொதுவாகத் திரவத்தை விறைப்பாக்கும், அசையவிடாது. ஆனால் சுழலும் திரவத்தில் மெல்லிய காந்தப் புலம் ஒன்றைச் சேர்த்தால், அதுவரை ஒழுங்காக இருந்த சுழற்சியே கெட்டுவிடக்கூடும் என்று 1960இல் அவர் காட்டினார். அதற்கு முந்தின ஆண்டு ரஷ்யாவில் வெலிகோவ் தனியாக இதையே கண்டிருந்தார். காவலுக்கு வைத்த புலம் எல்லா இடத்திலும் காவல் காக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு அமைப்பையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

நிற்க. இதற்கு மருந்து என்ன? இதை மாப்பிள்ளைக்குச் சொல்லப் போய், அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பிளாஸ்மாத் தண்டுக்கு நெடுக்காக இன்னொரு வலுவான காந்தப் புலம் கொடுக்கிறார்கள் என்றேன். இரண்டு புலமும் சேரும்போது காந்தக் கோடுகள் கயிற்றுப் புரிபோல முறுக்கிக்கொண்டு போகும். மின்சாரம் கூடினால் முறுக்கு கூடும். ஓர் அளவைத் தாண்டினால் தண்டு வளைந்து சுருண்டுவிடும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அட, இது எங்க நூலுதானுங்க மாமா. முறுக்கே இல்லீன்னா அது பஞ்சு, நூலா நிக்காது. முறுக்கு அதிகமாயிட்டா சும்மா இருக்காது. இழுத்துப் புடிச்சிருக்கற வரைக்கும் நேரா இருக்கும், கொஞ்சம் தளர உட்டாப் போதும், முண்டு முண்டாச் சுருட்டிக்கும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. நெடுக்குப் புலம்தான் நூலை இழுத்துப் பிடிக்கும் கை. நேரான தண்டின் இரு முனையிலும் பிளாஸ்மா ஒழுகிவிடும் என்பதால் அதை வளைத்து வடை போல வளையமாக்குகிறார்கள். வளையமாக்கினால் முறுக்கு இல்லாமல் நிற்காது, பிளாஸ்மா வெளியே நகர்ந்துவிடும். ஆகவே முறுக்கு வேண்டும். ஆனால் அளவோடு வேண்டும். காந்தக் கோடு வளையத்தை நெடுக்காக ஒரு முறை சுற்றி வருவதற்குள், குறுக்காக ஒரு முழுச் சுற்றுக்கு மேல் போய்விடக் கூடாது. குருஸ்கலும் ரஷ்யாவின் ஷாஃப்ரானோவும் கண்ட வரம்பு இது. நடைமுறையில் இன்னும் எச்சரிக்கையாக, ஒரு குறுக்குச் சுற்றுக்கு நெடுக்கில் மூன்று சுற்று என்கிற அளவில் ஓட்டுகிறார்கள். மில்லில் ஒரு அங்குலத்துக்கு இத்தனை முறுக்கு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதுபோல இதுவும் ஒரு முறுக்குக் கணக்கு.

இந்த வளைய இயந்திரத்துக்கு டோகமாக் என்று ரஷ்யப் பெயர். 1950களின் தொடக்கத்தில் டாம், சகாரோவ் இருவரும் கொடுத்த யோசனை. 1968இல் ரஷ்யர்கள் ஒரு கோடி டிகிரி அளவுக்குப் போய்விட்டோம் என்றபோது மற்றவர்கள் நம்பவில்லை. ஸீட்டாவில் சூடு கண்டவர்கள் அல்லவா? அடுத்த ஆண்டு ஓர் ஆங்கிலேயக் குழு லேசர் கருவியை எடுத்துக்கொண்டு மாஸ்கோவுக்கே போய் அளந்து, உண்மைதான் என்று சொன்னது. அதன் பிறகு உலகம் முழுக்க டோகமாக்தான்.

இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோகமாக்கின் பெயர் ஆதித்யா. காந்திநகர் பக்கத்தில் பாட் என்ற ஊரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989இல் இயங்க ஆரம்பித்தது. நிறுவனத்தை முதல் இயக்குநராக இருந்து வளர்த்தவர் பிரதிமன் கிருஷன் காவ். ஆதித்யாவின் வளையம், நடுவிலிருந்து முக்கால் மீட்டர் ஆரம் உடையது. அதில் பிளாஸ்மா நின்றது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில். சின்ன இயந்திரம்தான். ஆனால் சலனங்களைப் படிக்க அது போதும். இந்தத் துறையில் தகர்வு என்று ஒன்றுண்டு. சிறு அலைகள் வளர்ந்து ஒன்றோடொன்று கலந்து, ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் பிளாஸ்மா முழுவதும் அணைந்துபோவது. ஆதித்யாவில் வேண்டுமென்றே வாயுவைப் பீய்ச்சித் தகர்வை வரவழைத்தார்கள். பிறகு பிளாஸ்மாவின் ஓரத்தில் ஒரு மின்முனையைச் செருகி, மின்னழுத்தம் கொடுத்து, அந்த அலைகளை அடக்கித் தகர்வைத் தடுத்துக் காட்டினார்கள். 2014இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பேத்தி போய்ச் சேர விரும்புவது இந்த மாதிரி வேலையில்தான்.

இந்தச் சாலையின் மறுமுனை பிரான்சின் தெற்கே கதராஷ் என்ற இடத்தில் இருக்கிறது. இத்தேர் என்று பிரெஞ்சில் சொல்வார்கள், இங்கே ஐட்டர். லத்தீனில் வழி என்று பொருள். ஏழு தரப்பு சேர்ந்து கட்டுகிற இதில் இந்தியா 2005 டிசம்பரில் சேர்ந்தது. சுமார் 30 மீட்டர் உயரமும் 3,850 டன் எடையும் உள்ள அதன் வெளிக்கலத்தைக் குஜராத்தின் ஹசிராவில் எல் அண்டு டி செய்து அனுப்பியது. அதற்குள் சுழலப்போகும் பிளாஸ்மாவில் இருக்கும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 350 மெகாஜூல் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 97 யூனிட் வருகிறது. நம் அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்கப் போனால் சின்னத் தொகை. ஆனால் ஒரு வீடு இரண்டு மாதத்தில் செலவழிப்பது ஆயிரத்தில் சில பங்கு நொடியில் சுவரில் இறங்கினால் சுவர் உருகும். அதனால் தகர்வு வரும் அறிகுறி தெரிந்த உடனே, உறைந்த ஹைட்ரஜனும் நியானும் கலந்த உருண்டைகளை உடைத்து உள்ளே அடித்து, ஆற்றலை ஒளியாகச் சிதறடிக்கத் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஊராருக்கு ஆபத்து இல்லையா என்று மாப்பிள்ளை கேட்டார். இல்லை. உள்ளே இருக்கும் எரிபொருள் சில கிராம். நிலை கெட்டால் அணைந்துபோகும், அவ்வளவுதான். கெடுவது இயந்திரத்தின் சுவர்.

அதே கதராஷில் வெஸ்ட் என்ற சிறிய டோகமாக்கும் இருக்கிறது. 2025 பிப்ரவரி 12ஆம் தேதி அதில் பிளாஸ்மா 1,337 நொடி நின்றது. 22 நிமிடத்துக்கும் மேல். அந்த அறிவிப்பைப் பிரெஞ்சிலேயே படித்தேன். பள்ளிக்கூடத்தில் கூம்போடு கேட்ட ஸ்தாப்ல் என்ற சொல்லை இந்த வயதில் இப்படி ஒரு செய்தியில் படிப்பேன் என்று நினைத்ததில்லை.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான். இதிலிருந்து மின்சாரம் எப்போது வரும் என்று என்னால் தேதி சொல்ல முடியாது. பாபாவாலேயே முடியவில்லை. வெஸ்டில் 22 நிமிடம் நின்றதில் ஒரு யூனிட் மின்சாரமும் வரவில்லை. ஐட்டர் 2025இல் இயங்கும் என்றார்கள், 2024இல் அதை 2034 என்று தள்ளிப் போட்டுவிட்டார்கள். இன்னும் தள்ளிப் போகலாம். ஆனால் எழுபது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பது சரியல்ல. பத்து மைக்ரோ நொடி நிற்காமல் இருந்தது இன்று 22 நிமிடம் நிற்கிறது. யாரோ ஒருவர் ஒரு நாளில் செய்துவிடவில்லை. ஒரு சலனத்தைக் கண்டுபிடித்து அடக்குவார்கள், அது மறைத்து வைத்திருந்த அடுத்த சலனம் தெரியவரும், அதற்கு இன்னொரு பத்து வருடம். பேத்தி அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்தாறு வருடம் உட்காரப் போகிறாள். அவளுடைய காலத்தில் விளக்கு எரியாமல் போகலாம். அவள் கற்றுக்கொள்ளும் கணக்கு வீணாகாது. எங்கே எது தள்ளினால் சாயும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர்கள் பாலத்துக்கும் விமானத்துக்கும் மின்வாரியத்துக்கும்கூடத் தேவைப்படுகிறார்கள்.

அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மகளிடம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "கோயமுத்தூர்ல இருந்து அந்தப் பக்கம் நேரா ரயிலு இருக்குதுங்களா மாமா?"

ராஜ்கோட் வண்டி அகமதாபாத் வழியாகப் போகிறது என்று சொன்னேன்.